இறக்கிவிட ஓர் ஆள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் பெத்சதா குளத்தைப் பற்றி வாசிக்கிறோம். எருசலேமில், ஆட்டு வாயிலுக்கு அருகே, ஐந்து மண்டபங்கள் கொண்ட குளம். அங்கே 38 ஆண்டுகளாக உடல்நலமற்ற ஒருவர் படுத்துக் கிடக்கிறார். நலம்பெற விருப்பமா என்று இயேசு கேட்கிறார். அவர் ஆம் என்று சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும் நேரத்தில் தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்கிறார். இதை ஏதோ சாக்குப்போக்கு என்று நினைத்து நான் பல ஆண்டுகள் பிரசங்கம் வைத்ததுண்டு.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒன்பது வயது மகனை ஒரு தாய் ஞாயிறுதோறும் தூக்கிக்கொண்டு திருப்பலிக்கு வருவார். ஒரு நாள் என்னிடம், "சாமி, ராத்திரியில நாலு தடவை இவனைத் திருப்பிப் படுக்க வைக்கணும். என் இடுப்பு போச்சு" என்றார். "கடவுள் உங்களை நம்பித்தாம்மா இந்தச் சிலுவையைத் தந்திருக்கார்" என்றேன். அவர் தலைகுனிந்து ஆசீர் பெற்றுப் போனார். இரண்டு வாரத்தில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். அந்தப் பையனுக்கு எப்படிச் சோறு ஊட்ட வேண்டும் என்றுகூட அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு அரசிடமிருந்து கிடைக்க வேண்டியது எதுவும் கிடைக்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பிள்ளையைச் சிலுவை என்று சொன்ன வார்த்தைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஆகவே இன்று கொஞ்சம் அலுவலக விவரம் பேசப்போகிறேன். இப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீட்டார் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடையாள அட்டை. தனித்துவ அடையாள அட்டை என்பார்கள். இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவர்கள் பிள்ளையைப் பரிசோதித்துக் குறைபாடு எத்தனை சதவீதம் என்று சான்று தருவார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பதே அளவுகோல்.

இந்தப் பரிசோதனையில்தான் நம் தாய்மார் பலர் தவறிவிடுகிறார்கள். டாக்டர் கேட்டால், "எல்லாம் புரிஞ்சுக்குவான் சார், தானே சாப்பிடுவான்" என்று பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார்கள். தாய்ப்பாசம்தான், எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த அறையில் கேட்கப்படுவது பிள்ளையின் பெருமை அல்ல. போகுமுன் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். காலையில் பல் துலக்கிவிடுவது யார், கழிப்பறைக்குத் தூக்கிப் போவது யார், ஒரு வேளைச் சோறு ஊட்ட எவ்வளவு நேரமாகிறது, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், வலிப்பு வந்தால் என்ன செய்கிறீர்கள். எழுதியதை அப்படியே சொல்லுங்கள். குளத்தருகே கிடந்தவரும் தம் நிலையை மறைக்காமல்தானே சொன்னார்? அதற்காக இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

அடுத்தது மாத உதவித்தொகை. தமிழ்நாடு அரசு அறிவுசார் குறைபாடு உடையவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள் போன்றோருக்குப் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 1,500 ரூபாயாக இருந்தது, 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

மூன்றாவது செய்தி பலர் காதில் விழாதது. அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு. (38 ஆண்டு கிடந்தவரை நினைத்துக்கொண்டால் எண் மறக்காது!) குளிப்பது, உண்பது போன்ற அன்றாட வேலைகளுக்கே தீவிர உதவி தேவைப்படுவோரைச் சட்டம் "உயர் ஆதரவு தேவைப்படுவோர்" என்கிறது. அவர்களோ அவர்கள் சார்பில் வேறொருவரோ அந்த உதவி வேண்டும் என்று விண்ணப்பிக்கலாம். ஒரு மதிப்பீட்டுக் குழு பார்த்து, என்ன உதவி தேவை என்று சான்றளிக்க வேண்டும். இப்படிப்பட்டோரைப் பராமரிப்பவருக்கான உதவித்தொகையையும் 24ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. பக்கத்துக் கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தின் கீழ், படுத்த படுக்கையாய் இருப்போரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். நீங்களும் உங்கள் மாவட்டத்தில், பராமரிப்பவருக்கான தொகை உண்டா என்று தனியே கேளுங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அரசின் திட்டங்களுக்கும் ஆணைகளுக்கும் உட்பட்டே இந்த ஆதரவு என்று 38ஆம் பிரிவு சொல்கிறது. அரசின் பொருளாதார வரம்புக்குள் என்கிறது 24ஆம் பிரிவு. இந்த வார்த்தைகளுக்குள் எத்தனையோ மனுக்கள் உறங்குகின்றன. மாதம் 2,000 ரூபாய் என்பது நாளுக்கு ஏறக்குறைய 66 ரூபாய். அதற்கு எந்த உதவியாளர் வருவார்? போதாதுதான். போதாது என்பதற்காக வாங்காமல் இருப்பதும் சரியல்ல. "தர்மம் கேட்கிற மாதிரி இருக்கு சாமி" என்று கூச்சப்படுகிறவர்களுக்கு லூக்கா 18ஆம் அதிகாரத்துக் கைம்பெண்ணைக் காட்டுகிறேன். நடுவரிடம் அவர் பிச்சை கேட்கவில்லை, நீதி கேட்டார். தளராமல் கேட்டார்.

பிள்ளைக்கு 18 வயது ஆகப்போகிறதா? ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் கேட்கலாம். பெற்றோருக்குப் பின் யார் என்ற கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, இப்படிப்பட்ட பிள்ளை இல்லாத வீட்டாருக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறி, அலுவலக வரிசையில் நின்று, "அடுத்த வாரம் வாங்க" என்று கேட்டுத் திரும்புகிறவர் பெரும்பாலும் தாய் ஒருவர்தான். உங்கள் அன்பியத்தில் அப்படி ஒரு குடும்பம் இருக்கிறதா என்று இந்த வாரக் கூட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒருவர் கூடப் போகட்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு இரண்டு பேர் போகட்டும். அந்தத் தாய் அசந்து தூங்க வாரம் ஒரு மதியம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாராவது முன்வாருங்கள். எப்படிச் சோறு ஊட்ட வேண்டும் என்று முதலில் அவரிடமே கேட்டுக் கற்றுக்கொண்டு போங்கள்.