நின்றுபோன என்ஜின்: பழுதுபார்ப்பதா, புதிதாக வாங்குவதா?



கடற்கரைக் குப்பங்களுக்கான உதவி நிதிக்குக் காணிக்கை அனுப்பும் சபைகளிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "மீனவர் ஒருவரின் படகு என்ஜின் இறுகிப் போய் நின்றுவிட்டால் புதிய என்ஜினே வாங்கிக் கொடுத்துவிடலாமே? பழையதைப் பழுதுபார்க்கப் பணம் கேட்பது ஏன்?" என்கிறார்கள். வேறு சிலர், "மருத்துவமனைக்கும் படகு என்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?" என்றும் கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. உங்கள் காணிக்கை எப்படிச் செலவாகிறது என்பதை அறிய உங்களுக்கு உரிமை உண்டு. ஆகையால் இந்த இதழில் இதைச் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறோம்.

நம் மாவட்டத்தின் கடற்கரை

விழுப்புரம் என்றால் ரயில்வே ஜங்ஷன், திண்டிவனம் என்றால் சாலைகள் பிரியும் ஊர் என்றுதான் வெளியூர் அன்பர்கள் அறிவார்கள். இந்த மாவட்டத்துக்குக் கடலும் உண்டு. திண்டிவனத்திலிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் வரும். அங்கிருந்து தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம், கூனிமேடுகுப்பம், பொம்மையார்பாளையம் என்று புதுச்சேரி எல்லைவரை மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. இங்கே படகுகளை மணலில் இழுத்து ஏற்றுகிறார்கள்; அலையை உடைத்துக்கொண்டுதான் கடலுக்குள் இறக்குகிறார்கள். ஆகவே இங்குள்ள என்ஜினுக்கு உப்புத் தண்ணீர், மணல், வெயில் ஆகிய மூன்றும் ஓயாத எதிரிகள்.

ஒரு குடும்பத்தின் என்ஜின் நின்றால் அன்றைய வருமானம் மட்டும் நிற்பதில்லை. பழுதுக்குப் பணம் வேண்டும் என்று மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். அப்படி வாங்கியவர் பிடிக்கும் மீனை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே போடவேண்டி வரும். நகை அடகுக்குப் போகும். சர்க்கரை நோய் மாத்திரை வாங்குவது தள்ளிப்போகும். கர்ப்பிணிப் பெண்ணின் பரிசோதனை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படும். வெளிநோயாளர் பிரிவில் "ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்டால், "படகு போகலீங்க" என்பதே பல சமயம் பதிலாக இருக்கிறது. சம்பந்தம் இதுதான்.

இரண்டு வகை என்ஜின்கள்

நம் கரையில் உள்ள பைபர் படகுகளில் பொதுவாக இரண்டு வகை என்ஜின்களைக் காணலாம். ஒன்று, படகின் பின்பலகையில் மாட்டும் வெளிப்பொருத்து மோட்டார். பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெயில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் வகையே இதில் நெடுங்காலம் பழக்கத்தில் இருந்தது. அதில் ஆயிலை எரிபொருளோடு கலந்தே ஊற்றவேண்டும். கடல் நீரை உறிஞ்சி, அதைக்கொண்டே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். மற்றொன்று, நீண்ட தண்டின் முனையில் விசிறி பொருத்திய 'லாங் டெயில்' டீசல் என்ஜின். இது பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிர்வது. கிரீவ்ஸ் லம்பார்டினி என்ற பெயர் கோரமண்டல் கரை முழுவதும் பழக்கமான பெயர். இதில் ஆயில் அடித்தொட்டியில் தனியே நிற்கும்.

'சீஸ்' ஆவது என்றால் என்ன?

என்ஜினுக்குள் பிஸ்டன் சிலிண்டரில் மேலும் கீழும் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளிதான் உண்டு. அதில் மெல்லிய ஆயில் படலம் நிற்கிறது. பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. சிலிண்டர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. ஆயில் குறைந்தாலோ, குளிர்விக்கும் நீர் வராவிட்டாலோ, பிஸ்டன் விரிந்து சிலிண்டரை உரசும். அலுமினியம் இளகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் திடீரென நின்றுவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் "பிஸ்டன் பிடித்துவிட்டது" என்கிறார்கள். இது சூட்டினால் வரும் இறுக்கம்.

இன்னொன்று துருவினால் வருவது. படகு கவிழ்ந்தோ, வெள்ளத்தில் மூழ்கியோ, மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தோ சிலிண்டருக்குள் ஈரம் புகுந்தால், பிஸ்டன் வளையங்கள், அதாவது 'ரிங்' என்பவை, சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சூட்டில் பிடித்த என்ஜினைவிட இப்படி ஒட்டிய என்ஜின் பிழைக்க வாய்ப்பு அதிகம். காலம் கடத்தாமல் கவனித்தால்.

முதலில் நோயைக் கண்டறிய வேண்டும்

காய்ச்சல் என்று வந்தவருக்கெல்லாம் ஒரே மருந்து கொடுப்பதில்லை. என்ஜினும் அப்படியே. சுற்றாத என்ஜின் எல்லாம் 'சீஸ்' ஆனதல்ல.

முதலாவது, விசிறியில் வலை நூலோ கயிறோ சுற்றியிருக்கிறதா, கியர் பெட்டி இறுகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கியர் உள்ள மோட்டாரை நியூட்ரலில் வைத்தும் பிளைவீல் அசையவில்லை என்றால்தான் கோளாறு மேலே இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கலாம். தண்ணீர் அமுங்காது, ஆகவே பிஸ்டன் மேலே வர முடியாமல் நிற்கும். இந்த நிலையில் கயிறு போட்டு வலுவாக இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிறிய பழுது பெரிய பழுதாகும். பிளக்கை, டீசல் என்ஜினானால் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் பீறிட்டு வெளியேறும். சில என்ஜின்களுக்கு வைத்தியம் அவ்வளவுதான்.

மூன்றாவதாகவே, பிஸ்டன் பிடித்திருக்கிறது என்ற முடிவுக்கு வரவேண்டும்.

பழுதுபார்க்கும் முறை

துருவினால் ஒட்டியதற்குப் பொறுமையே மருந்து. பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் ஒரு வாரம்கூட ஊறவிடுகிறார்கள். பிறகு பிளைவீல் நட்டில் ஸ்பானரை மாட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்கிறார்கள். ஒரு மயிரிழை அசைந்தாலே நல்ல அடையாளம். மீண்டும் எண்ணெய், மீண்டும் அசைவு. பிஸ்டன் தலையில் சுத்தியலால் ஓங்கி அடிப்பவர் மெக்கானிக் அல்ல. அலுமினியம் அதைத் தாங்காது.

சுற்ற ஆரம்பித்தவுடன் ஓட்டிவிடக் கூடாது. ஹெட்டைக் கழற்றி சிலிண்டர் சுவரைப் பார்க்கவேண்டும். லேசான கறை என்றால் தேய்த்துச் சுத்தம் செய்து, புதிய ரிங் போட்டால் போதும். கோடு விழுந்திருந்தால் லேத் பட்டறையில் 'போர்' போட்டு, சிலிண்டரைச் சற்று அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டவேண்டும். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் கூடுதலாக உள்ள பிஸ்டன்கள் பல என்ஜின்களுக்குக் கிடைக்கின்றன. பேரிங்குகளில் உப்பு ஏறியிருந்தால் அவற்றை மாற்றியே ஆகவேண்டும். இவ்வேலைக்குத் தொலைவு போகவேண்டியதில்லை. நெல், கரும்பு, மணிலா விளையும் மாவட்டம் இது. பம்புசெட்டும் டிராக்டரும் லாரியும் இருக்கும் இடத்தில் லேத் பட்டறையும் இருக்கும். வயலின் டீசல் என்ஜினுக்குப் போர் போடும் கை, கடலின் டீசல் என்ஜினுக்கும் போர் போடும்.

கடைசியாக, மிக முக்கியமாக, எதனால் பிடித்தது என்று கண்டுபிடிக்கவேண்டும். மோட்டாரின் தண்ணீர் பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருந்ததா? நீர் வழியில் உப்பும் மணலும் அடைத்திருந்ததா? ஆயில் கலவை குறைந்ததா? காற்றால் குளிரும் டீசலில் உலோக இறகுகளுக்கிடையே அழுக்கு படிந்திருந்ததா? காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய பிஸ்டன் போட்டால், அதுவும் பிடித்துக்கொள்ளும்.

கடல் நீரில் மூழ்கிய என்ஜின்

இதைக் குப்பத்தில் உள்ள எல்லாரும் அறிந்திருப்பது நல்லது. நீருக்குள் இருக்கும்வரை துரு மெதுவாகவே பிடிக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டவுடன் மிக வேகமாகப் பிடிக்கும். ஆகையால் எடுத்த உடனே நல்ல தண்ணீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி, உள்ளே உள்ள நீரை வடித்து, எண்ணெய் விட்டுச் சுற்றி, அன்றைக்கே ஓடவைக்கவேண்டும். அது முடியாதென்றால், மெக்கானிக் வரும்வரை அதை ஒரு தொட்டியில் நல்ல தண்ணீருக்குள்ளேயே வைத்திருப்பது மேல். வெயிலில் காயவைப்பதுதான் பெரிய கேடு. மணல் புகுந்திருந்தால் சுற்றவே கூடாது. முழுதும் பிரித்துக் கழுவவேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் பகுதியினர் மறக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு முதல் இருபத்துநான்கு மணி நேரமே ஓர் என்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

எப்போது புதியது வாங்கவேண்டும்?

பழையதையே கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கிராங்க் பெட்டி வெடித்திருந்தால், உப்பு அரித்து நீர் வழியில் ஓட்டை விழுந்திருந்தால், கிராங்க் ஷாஃப்ட் கெட்டிருந்தால், அல்லது உதிரிப்பாகமே கிடைக்காத பழைய மாடலாக இருந்தால் மாற்றுவதே சிக்கனம். பழுதுச் செலவு புதிய என்ஜின் விலையில் பாதியை நெருங்கினாலும் நாங்கள் நின்று யோசிக்கிறோம். நடுக்கடலில் மறுபடி நிற்கும் என்ஜின் பணத்தை மட்டுமல்ல, உயிரையும் கேட்கும்.

ஆனால் புதியது வாங்கினாலும் கணக்கு அங்கே முடிவதில்லை. வெளிப்பொருத்து மோட்டாரில் தண்டு 15 அங்குலம், 20 அங்குலம் என்று அளவுகள் உண்டு. பின்பலகையின் உயரத்துக்குப் பொருந்தாவிட்டால் விசிறி காற்றைக் கடையும் அல்லது படகை இழுத்துப் பிடிக்கும். குதிரைசக்தி கூடினால் எரிபொருளும் கூடும். பழைய படகின் பலகை அதிர்வைத் தாங்காது. உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்குமா என்பதே முதல் கேள்வியாக இருக்கவேண்டும்.

முன்னோர் கற்ற பாடம்

1952-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி கேரளத்து நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. மீன்பிடிப்பை இயந்திரமயமாக்குவதோடு சுகாதார நிலையமும் குடிநீரும் அதே திட்டத்தில் இருந்தன. மீனவரின் படகையும் உடல்நலத்தையும் பிரிக்க முடியாது என்பதை அவர்கள் அன்றே கண்டார்கள். படகு கட்டும் தளமும் பழுதுபார்க்கும் பட்டறையும் சேர்ந்தே தேவைப்பட்டன. குமரி மாவட்டம் முட்டத்தில் பிளைவுட் படகுகளுக்காக உழைத்த பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே, தம் அனுபவத்தை 1985-ல் நூலாக எழுதியபோது அதற்கு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்று பெயரிட்டார். சிறியது கடினமானது என்று பொருள். சிறு படகுக்குச் சிறு மோட்டார் என்பது கேட்க எளிது. நடத்திக் காட்டுவதே கடினம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். உலகெங்கும் இருந்து சபைகளும் சங்கங்களும் மனமுவந்து கொடுத்தன. ஆனால் புதிய பைபர் படகுகள் பல இடங்களில் இழந்தவற்றைவிட அதிகமாக வந்து சேர்ந்தன. ஓட்ட ஆள் போதாத குப்பங்களும் இருந்தன. அதே வேளையில் சிஃப்ஸ் என்னும் தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு போன்றவை சேதமான படகுகளையும் என்ஜின்களையும் பழுதுபார்த்துக் கொடுத்தன. புதிய படகின் படம் செய்திமடலில் அழகாக இருக்கும். பழுதுபார்த்த என்ஜினுக்குப் படம் இல்லை. ஆனால் அது ஒரு குடும்பத்தைக் கடன்படாமல் மறுவாரமே கடலுக்கு அனுப்பும்.

மருத்துவமனையின் சார்பில் மூன்று வார்த்தை

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்கையில் கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வைக்கவேண்டும். ஹேண்டில் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். சுழலும் தண்டுக்கு அருகே லுங்கி, துண்டு தொங்கக் கூடாது. மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் வைக்கவே கூடாது. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

உங்கள் பங்கு

ஆகவே பிரியமானவர்களே, "ரிங் செட், பேரிங், இம்பெல்லர், லேத் கூலி" என்று எங்கள் கணக்கில் காணும்போது அதைச் சிறிய காரியமாக எண்ணவேண்டாம். ஒரு புதிய என்ஜினுக்குரிய தொகையில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களின் என்ஜின்களைப் பிழைக்கவைக்க முடியும். உண்மையிலேயே மாற்றவேண்டிய என்ஜின் என்றால், மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சொன்ன காரணத்தோடு உங்களிடம் தெரிவிப்போம்.

ஜெபக் குறிப்புகள்

1. மழைக்காலத்தில் கடலுக்குச் செல்வோரின் பாதுகாப்புக்காக.

2. முன்பணக் கடனில் சிக்கியுள்ள குடும்பங்களின் விடுதலைக்காக.

3. குப்பத்து இளைஞர்கள் என்ஜின் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றுக்கொள்ள முன்வருவதற்காக.

4. படகு நின்றுபோனதால் மருந்தை நிறுத்திய நோயாளிகள் மீண்டும் சிகிச்சைக்கு வருவதற்காக.