பொய் வாத்து

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலில் போகிறவர்கள், ஆறுமுகநேரி வந்ததும் ஜன்னல் பக்கம் சற்றுத் திரும்ப வேண்டும். முருகன் எங்கும் போய்விட மாட்டான்! வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்கள், பாத்திகளில் பளபளக்கும் நீர், மார்கழி தை மாதங்களானால் அந்த நீரோரத்தில் வெகு தூரத்திலிருந்து வந்திறங்கிய பறவைகள். அதே பருவத்தில் தமிழ்நாட்டு ஏரி குளங்களுக்கு ஊசிவால் வாத்தும் வந்து சேருகிறது.

உயரப் பறக்கும் வாத்து, எந்தக் குளத்தில் இறங்குவது என்று எப்படித் தீர்மானிக்கிறது? கல்யாணப் பந்தியில் நாம் செய்வதைப் போலத்தான். தெரிந்த முகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. தன் இனம் நிம்மதியாக மிதந்தால் அங்கே ஆபத்தில்லை என்று நம்புகிறது. அந்த நம்பிக்கையில்தான் மனிதன் கை வைத்தான்.

பழக்கிய மானையோ பறவையையோ கட்டி வைத்து மற்றவற்றை வரவழைப்பது பழைய வேட்டைத் தந்திரம். அப்படிக் கட்டிய பிராணிக்குத் தமிழில் 'பார்வை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் வேடர் குடிசை முற்றத்து விளாமரத்தில் அப்படி ஒரு பார்வை மான் கட்டியிருக்கிறது. கூண்டுக் கௌதாரியைக் கூவ வைத்துக் காட்டுக் கௌதாரியைப் பிடித்ததும் இதே வித்தைதான்.

அமெரிக்கப் பழங்குடிகள் உயிருள்ள பார்வைக்குப் பதில் பொம்மை செய்தார்கள். நெவாடா மாகாணத்து லவ்லாக் குகையில் 1924-ல் 11 வாத்துகள் கிடைத்தன. கோரையால் கட்டியவை, வயது சுமார் 2,000 வருஷம். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் மரத்தில் செதுக்கினார்கள். பொம்மையை நம்பி இறங்கிய பறவைகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்குப் போயின. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வியாபாரத்தை நிறுத்தியது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மேரிலாந்து மாகாணத்தில் கிரிஸ்ஃபீல்ட் என்ற ஊர். அங்கே லெம், ஸ்டீவ் வார்ட் என்ற சகோதரர்கள் முடி திருத்தும் கடை நடத்திக்கொண்டே வாத்து செதுக்கினார்கள். இன்று அவர்களுடைய வாத்துகள் கலைப் பொருள்கள். எல்மர் குரோவெல் செதுக்கிய ஊசிவால் வாத்து ஒன்று 2007-ல் 11 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. ஆம், நம் குளங்களுக்கு இலவசமாக வருகிற அதே வாத்துதான்!

ஆனால் என் மனசைத் தொட்டது வேறொரு பொம்மை. மெயின் மாகாணக் கடலில் ஈஸ்டர்ன் எக் ராக் என்று ஒரு குட்டித் தீவு. கிளிபோல வர்ண மூக்குள்ள பஃபின் பறவைகள் அங்கே வேட்டையால் அடியோடு அற்றுப் போயிருந்தன. 1973-ல் ஸ்டீபன் கிரெஸ் என்பவர் கனடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, வளையில் வைத்து, மீன் ஊட்டி வளர்த்தார். அவை கடலுக்குப் பறந்தன. திரும்புமா? வருஷக் கணக்கில் காத்திருந்தார். 1977-ல் பாறைகளின் மேல் மரப் பஃபின்களை நிறுத்தினார். அந்த வருஷமே ஒரு பறவை வந்து இறங்கியது! 1981-ல் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. கொல்வதற்காகச் சொன்ன பொய், இப்போது குடியேற்றுவதற்காக.

வீட்டிலேயே ஒரு பறவை செதுக்கிப் பார்க்க ஆசையா? தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களைக் கடைசல் இயந்திரத்தில் சுழற்றிச் செய்கிறார்கள். பறவைக்கு அது உதவாது, கத்திதான். நார் நேராக ஓடும் இளகிய மரம் நல்லது. பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வெட்டி மரத்தில் வரைந்து அறுத்துவிட்டு, முதுகை உருட்டுங்கள். தலையைத் தனியாகச் செதுக்கி முளையடித்துப் பொருத்துவதே உத்தமம். மரத்தின் நார் மூக்கின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மூக்கு முறிந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபின் பளபளக்காத வர்ணம் பூசுங்கள். மினுமினுத்தால் நிஜப் பறவை நம்பாது. அதற்காகக் குளத்தில் மிதக்கவிட்டு வலை விரிக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

முதல் முயற்சிக்கு ஊசிவால் வாத்து வேண்டாம், அதன் சிறகுக் கோடுகள் பொறுமையைச் சோதிக்கும். நாமக்கோழி போதும். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் வெள்ளைத் தீற்றல். வடகலையா தென்கலையா என்ற சண்டை கிடையாது. கண் சிவப்பு, பிள்ளையாருக்கு வைப்பதுபோல் குன்றிமணியைப் பதித்துவிடலாம். குன்றிமணி விஷம், ஆகையால் பொம்மையைக் குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.