இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

லூபோக் சீனாவுக்கு வரும் கடிதங்களில் 78100 என்ற அஞ்சல் குறியீட்டைப் பார்த்திருப்பீர்கள். அதை மீதமின்றி வகுக்கும் எண்கள், அதாவது அதன் காரணிகள், எத்தனை? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் பொழுது போய்விடும். குறுக்கு வழி ஒன்று உண்டு. முதலில் எண்ணைப் பகா எண்களாகப் பிரியுங்கள்: 2×2×5×5×11×71. ஒரு காரணியை உருவாக்க 2ஐ எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறையும் எடுக்கலாம். ஆக மூன்று வழிகள். 5க்கும் மூன்று. 11க்கும் 71க்கும் இரண்டிரண்டு. பெருக்கினால் 3×3×2×2 = 36.

36 காரணிகள் நிறையத்தான். ஆனால் அதற்கு இவ்வளவு பெரிய எண் வேண்டியதில்லை. 5 இருக்கும் இடத்தில் 3, 11க்குப் பதில் 5, 71க்குப் பதில் 7 போட்டுப் பாருங்கள். 2×2×3×3×5×7 = 1260. இதற்கும் 36 காரணிகள்தான். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்தும் இத்தகைய எண்ணை ‘உயர் பகு எண்’ எனலாம். டசனுக்கு 12, நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. பங்கு போட வசதியானவை அல்லவா!

இவற்றை ஆழமாக ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். கேம்பிரிட்ஜ் சென்ற மறு ஆண்டு, 1915இல், லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. 1916இல் அவர் பி.ஏ. பட்டம் பெற்றது இந்த ஆய்வுக்காகத்தான். சங்கத்தில் பணமுடை இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அப்பகுதி, விளக்கக் குறிப்புகளுடன், 1997இல் அவர் பெயரிலேயே நடக்கும் ஆய்விதழில் வந்தது.

கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு. 2இல் தொடங்கி 6,746,328,388,800 வரை, நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்கள். கணினி இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. அதில் ஓர் எண் மட்டும் விடுபட்டுப்போனது: 293,318,625,600.

இதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை வருகின்றன. மேலே சொன்ன வழியில் நீங்களே கணக்கிடலாம்: 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். (அந்த 5040உம் ஓர் உயர் பகு எண்தான்.)

இவ்வளவு பெரிய மேதை எப்படித் தவறவிட்டார் என்று கேட்பீர்கள். பட்டியலில் உள்ள எண் தவறாக இருந்தால் பெருக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இல்லாத எண் அப்படி அகப்படாது. அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையில் வேறெதுவும் இல்லை என்று உறுதி சொல்ல, அங்கே வரக்கூடிய எண்களையெல்லாம் ஒப்பிட்டாக வேண்டும். பெரிய பகா எண் சிறியதைவிட அதிக முறை வராது என்ற விதி வேலையைக் குறைக்கும். அப்படியும் மிஞ்சுபவை ஏராளம். என்னைக் கேட்டால், ஒன்றே ஒன்று விட்டதுதான் வியப்பு.

வேடிக்கை என்னவென்றால், விடுபட்ட எண் அதே பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது. கடைசி எண்ணான 6,746,328,388,800ஐ 23ஆல் வகுத்துப் பாருங்கள்.