உணர்வு மயங்கினார்

காவேரிப்பாக்கத்து வழியே செல்லும் சென்னை–பெங்களூர்ப் பெருஞ்சாலையோரத்தே ஒருவர் நினைவற்றுக் கிடப்பாராயின், காண்போர் முதலிற் கூறுவது, ‘குடித்திருக்கிறான்’ என்பதே. இச்சொல் உயிருக்கே உலையாவதுண்டு. இன்சுலின் ஊசியிட்டு உணவு கொள்ளாதார்க்கும் கள்ளுண்டார்க்கும் தள்ளாட்டமும் குழறலும் ஒன்றுபோலவே தோன்றும். குடித்தவரேயாயினும் அவர் தலையில் அடிபட்டிருத்தலுங் கூடுமன்றோ? ஆதலின் மருத்துவர், மூச்சையும் நாடியையும் நோக்கிய அளவிலே, ஒரு துளிக் குருதி கொண்டு சர்க்கரையை அளப்பர். அது குறைந்திருப்பின், நாளத்திற் குளுக்கோசு செலுத்தச் சில நிமிடங்களில் நினைவு மீளுதல் பெரும்பான்மை.

மயக்கத்தின் ஆழத்தை அளத்தற்குக் கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேல், ஜென்னெட் என்னும் மருத்துவர் இருவர் 1974ஆம் ஆண்டில் ஓர் அளவுகோல் வகுத்தனர். கண்திறத்தலுக்கு 4, சொல்லுக்கு 5, அசைவுக்கு 6 என எண்ணிக் கூட்டுவர். நலமுடையார் பெறுவது 15, கடைநிலை 3. (பிணத்துக்கும் மூன்று மதிப்பெண் தரும் தேர்வு இஃதொன்றே போலும்!) 8 அல்லது அதற்குங் குறையின் தம் மூச்சுக்குழலைத் தாமே காக்கமாட்டார் எனக் கொள்வர். ஆயினும் எண்ணினும் அதன் இறக்கமே அஞ்சத்தக்கது. அடிபட்டவர் 14இலிருந்து ஒரு மணி நேரத்தில் 11க்கு இறங்கினாராயின், மண்டையோட்டினுள் குருதி கசிகின்றதோ என உடனே ஐயுறல் வேண்டும்.

இக்கோலும் ஏமாறும் இடமுண்டு. தரையில் உறங்குவாரை இரவிற் கட்டுவிரியன் தீண்டினால் பல்தடம் தெரியாமலே போகலாம். விடியலில் இமை தாழ்ந்து, நாவும் கையும் அசையாது கிடப்பர். மதிப்பெண்ணோ மிகக் குறையும். ஆனால் உணர்வு அழிந்திராது. அருகிருந்து அழுவார் சொல் அனைத்தும் அவர் செவியில் விழுந்துகொண்டே இருத்தல் கூடும். மூச்சைத் தாங்கி நஞ்சுமுறி மருந்தளிப்பின் பிழைப்பர்.

இராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுத்தொட்டிகள் பிறிதோர் இடர். ஆண்டு எழும் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதாயின் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்தாலோ மோப்பவுணர்வையே கொன்றுவிடும். வீழ்ந்தவரை எடுக்க இறங்கியவரும் வீழ்வது இதனாலேயே. காற்றுக்கலமும் கயிறுமின்றி எவரும் இறங்கலாகாது.

வலிப்புற்றார் கையிற் சாவிக்கொத்தைத் திணித்தலும், செருப்பை முகரச் செய்தலும் பயனற்றவை. மயங்கியார் வாயில் நீர் வார்த்தலோ நுரையீரலிற் புகுந்து கொல்லும். அடிபடாதவராயின் ஒருக்களித்துக் கிடத்துக. அடிபட்டவராயின் கழுத்து அசையாது காக்க. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 வண்டியை அழைத்து, நோயாளியின் மருந்துப் பொட்டலங்களையும் உடன் அனுப்புக. வேலூரிலாயினும் வாலாஜாவிலாயினும் மருத்துவர் முதலில் வினவுவது, ‘கடைசியாக எப்பொழுது நன்றாயிருந்தார்?’ என்பதே, அவ்விடையறிந்தார் ஒருவர் வண்டியில் உடன்செல்லல் வேண்டும்.