நாலரையா, ஐந்தரையா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, மோதி பாக்கில் எங்கள் வீட்டிற்கு முதலாண்டு மாணவர் ஒருவர் வந்திருந்தார். கல்லூரி என்.சி.சி.யில் சேர்ந்தவர். ஒரு நாள் பயிற்சியில் குறி தப்பாமல் சுட்டுவிட்டார். அன்று முதல் அவருக்கு அதே நினைவு.

"அண்ணா, சொந்தமாக ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கப் போகிறேன். கடையில் இருப்பது பாயிண்ட் ஒன் செவன்டி செவன். தெரிந்தவர் ஒருவர் பழைய பாயிண்ட் டூ டூ ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். சீட்டு எதுவும் வேண்டாமாம். பெரிய ரவைதானே நல்லது?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன விடை மற்ற நண்பர்களுக்கும் பயன்படலாம் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்களின் பொருளைப் பார்ப்போம். .177 என்பது அங்குலக் கணக்கில் குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில் 4.5. அதுபோலவே .22 என்பது ஏறக்குறைய 5.5 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரே ஒரு மில்லிமீட்டர்தானே என்று எண்ணிவிடக் கூடாது. விட்டம் சற்றே கூடினாலும் பரப்பு ஒன்றரை மடங்காகிறது, எடையும் ஏறிவிடுகிறது. வழக்கமான 4.5 ரவை ஏறத்தாழ 0.53 கிராம் இருக்கும்; 5.5 ரவை 0.93 கிராம் அளவில் இருக்கும்.

இரண்டு துப்பாக்கிகளும் தத்தம் ரவைக்கு 10 ஜூல் ஆற்றலைத் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் வாய்பாட்டைப் போட்டுப் பாருங்கள். சிறிய ரவை நொடிக்கு ஏறத்தாழ 194 மீட்டர் வேகத்தில் புறப்படும். பெரியது 147 மீட்டர் வேகத்தில்தான் புறப்படும். பறக்கும் நேரத்தில் இரண்டையும் பூமி ஒரே விதமாகத்தான் இழுக்கிறது. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 10 மீட்டர் தொலைவில் சிறியது 13 மில்லிமீட்டர் தாழும். பெரியது 23 மில்லிமீட்டர் தாழும். 25 மீட்டரிலோ சிறியது 8 சென்டிமீட்டரும் பெரியது 14 சென்டிமீட்டரும் இறங்கிவிடும். ஆகவே தொலைவைச் சற்றுத் தவறாக மதிப்பிட்டாலும் சிறிய ரவை நம்மை அதிகம் ஏமாற்றாது. புதிதாகப் பழகுவோர்க்கு இது பெரிய உதவி.

அப்படியானால் 5.5 ரவையால் பயனே இல்லையா? உண்டு. எடை மிகுந்தது, பட்ட இடத்தில் அதிக அதிர்ச்சி தரும். வெளிநாடுகளில் எலி, முயல் முதலியவற்றை ஒழிக்க அதனைப் பயன்படுத்துவோர் பலர். நமக்கு அந்த வேலை இல்லை. மோதி பாக்கின் மரங்களில் வந்தமரும் கிளியும் மயிலும் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. சட்டமே இல்லாவிட்டாலும், விளையாட்டுக்காக ஓர் உயிரைச் சுடுவது நமக்கு அழகன்று. நமக்கு ஏற்ற குறி காகித அட்டை ஒன்றே.

காகிதக் குறிக்கு உலகம் ஏற்றுக்கொண்ட அளவு 4.5 மில்லிமீட்டர். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி சேர்க்கப்பட்டது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012-இல் லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் பெற்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வென்றதும் இந்த 4.5 ரவையைக் கொண்டுதான். அட்டையின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர்! துளை ஒரு வட்டத்தைத் தொட்டாலே அவ்வட்டத்தின் மதிப்பெண் கிடைத்துவிடும். எல்லாருடைய துளையும் ஒரே அளவாக இருந்தால்தான் போட்டி நேர்மையாகும். தலை தட்டையான ரவையை வாங்குங்கள். அது காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டும்.

இனி, நண்பர்கள் யாவரும் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலும், ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்டாலும், அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். இரண்டில் ஒன்று மீறினாலே போதும். ஆகவே "சீட்டு வேண்டாம்" என்று சொல்லித் தரப்படும் பழைய .22 மலிவான பொருள் அன்று. வழக்கை விலை கொடுத்து வாங்குவதாகும். அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணும் மாணவன் ஒருவன் மேல் ஆயுதச் சட்டத்தில் ஒரு வழக்குப் பதிவானால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

.177 வாங்கினாலும் விளம்பரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். 0.53 கிராம் ரவை நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்றால் ஆற்றல் ஏறத்தாழ 24 ஜூல், வரம்பைத் தாண்டிவிட்டது! 275 மீட்டர் வேகத்திலேயே வரம்பு வந்துவிடுகிறது. குறி அட்டைக்கு 170 மீட்டர் வேகமே தாராளம். கடையில் அடையாளச் சான்று கேட்டால் தயங்காமல் காட்டி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மாடியிலும் விடுதி அறையிலும் சுடாதீர்கள். சுவரில் பட்ட ரவை திரும்பிவந்து கண்ணைப் பறித்துவிடும். தில்லியில் இருப்பவர்க்கு 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் துக்ளகாபாத் பக்கம் கட்டப்பட்ட டாக்டர் கர்ணி சிங் சுடுதளம் இருக்கிறது. முதலில் அங்கே சென்று பயிற்சி முறைகளை விசாரியுங்கள். மெட்ரோவில் துப்பாக்கியைக் கொண்டுபோக முயல வேண்டாம். ரவை ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்பே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தத் தம்பி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முன்பணமாக ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டேனே, அண்ணா!" என்றார்.

"போனால் போகட்டும், ஐந்நூறோடு தப்பித்தாய்," என்றேன்.

இப்போது விடுமுறை நாட்களில் சுடுதளத்திற்குச் சென்று வருகிறார். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. குறி மட்டும் நன்றாகப் படிந்து வருகிறதாம்.