சேர்ந்தே பிசகும் நியூரான்கள்

ஒரே காட்சியை ஒரு குரங்குக்கு நூறு முறை காட்டினாலும், அதன் பார்வைப் புறணியிலுள்ள ஒரு நியூரான் நூறு முறையும் ஒரே அளவில் துடிப்பதில்லை. ஒருமுறை பத்துத் துடிப்பு என்றால் மறுமுறை பதினைந்து, அடுத்த முறை ஏழு. இப்படித் தடுமாறும் உறுப்புகளை வைத்துக்கொண்டு மூளை எப்படித் தெளிவாகப் பார்க்கிறது?

பல நியூரான்களின் சராசரியை எடுத்துக்கொள்கிறது என்பது பழைய விடை. சந்தையில் நூறு பேர் தனித்தனியாக ஒரு கிடாயின் எடையை மதிப்பிட்டால், கூட்டிச் சொன்னதும் குறைத்துச் சொன்னதும் கழிந்து, சராசரி சரியாக வந்துவிடும். முதல் ஆள் சொன்னதைக் கேட்டுவிட்டு மற்றவர்கள் சொன்னாலோ, ஆயிரம் பேரைக் கேட்டும் பிழை போகாது.

நியூரான்கள் இதில் எந்த வகை? 1994இல் எஹூத் ஜோஹரி, மைக்கேல் ஷாட்லன், வில்லியம் நியூசம் மூவரும் அளந்து பார்த்தார்கள். அசைவை உணரும் எம்.டி. பகுதியில், அடுத்தடுத்த இரண்டிரண்டு நியூரான்களை ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். ஒன்றின் துடிப்பு கூடும்போது மற்றதும் சற்றே கூடியது. இந்த ஒட்டுறவு சராசரியாக 0.12தான்.

அற்பமான எண்ணாகத் தெரியும், ஆனால் இதன் விளைவு பெரிது. ஒட்டுறவே இல்லையென்றால் நூறு நியூரான்கள் சேர்ந்து ஒன்றைவிடப் பத்து மடங்கு தெளிவு தரும். பத்தாயிரம் சேர்ந்தால் நூறு மடங்கு. எல்லா இணைகளுக்கும் 0.12 ஒட்டுறவு இருந்தால், எத்தனை கோடி சேர்ந்தாலும் மூன்று மடங்கைத் தொட முடியாது. முதல் நூறிலேயே அந்த எல்லைக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். நியூரான்களைக் கூட்டிக்கொண்டே போவதால் பார்வை கூர்மையாவதில்லை.

கவனம் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது என்று 2009இல் மார்லீன் கோஹனும் ஜான் மான்செலும் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. குரங்கு ஒரு பக்கத்தை உற்றுக் கவனித்தபோது, பார்வைப் புறணியின் வி4 பகுதியில் அந்தப் பக்கத்துக்குரிய நியூரான்களின் துடிப்பு கூடியது. அவற்றின் ஒட்டுறவோ குறைந்தது. கவனத்தால் கிடைத்த தெளிவில் பெரும்பங்கு, துடிப்பு கூடியதால் அல்ல, ஒட்டுறவு தளர்ந்ததால் வந்தது.

ஒட்டுறவு எல்லாமே கெடுதல் என்றும் சொல்ல முடியாது. வலப்பக்க அசைவை விரும்பும் நியூரானும் இடப்பக்க அசைவை விரும்பும் நியூரானும் சேர்ந்தே ஏறி இறங்கினால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்ததும் அந்தப் பொதுப்பிழை மறைந்துவிடும். காட்சியே மாறினால் நியூரான்கள் எப்படி மாறுமோ, அதே போக்கில் அமையும் தடுமாற்றத்தை மட்டும் எந்தக் கணக்காலும் பிரித்தெடுக்க முடியாது. 2014இல் ரூபென் மொரெனோ-போட்டே குழுவினர் இதை நிறுவினார்கள். அந்தத் தடுமாற்றம் இரண்டு நியூரான்களை மட்டும் பார்த்தால் அகப்படாத அளவு சிறிதாகவும் இருக்கலாம். அதைப் பிடிக்கப் பெருந்தொகையான நியூரான்களை ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும்.