அணை எத்தனை அடி? வங்கி எத்தனை அடி?

“அண்ணே, இன்னைக்கு அணை எத்தனை அடி?”

கூடலூரில் தேநீர்க் கடைக்குள் நுழைந்தால் காதில் விழும் முதற் கேள்வி இதுதான். பொதுக்கூட்டத்தில் பேசிவிட்டு இரவு அங்கே தங்கிய நாம், மறுநாள் காலை அந்தக் கடைப் பலகையில் அமர்ந்திருந்தோம். கேட்டவர் உழவர், பதில் சொன்னவர் சுமை தூக்கும் தோழர், “இல்லை, அரை அடி குறைவு” என்று மறுத்தவர் பள்ளி மாணவர். பொறியாளர் படிப்பு எவருக்கும் இல்லை. ஆனாலும் முல்லைப் பெரியாற்றில் 104 அடிக்குக் கீழே நீர் இறங்கிவிட்டால் குகைப்பாதைக்குத் தண்ணீர் ஏறாது என்பது அத்தனை பேருக்கும் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்த அளவுகோலைத்தான் நம்பி இருக்கிறது. ஆகவே கேட்கிறார்கள். நாள் தவறாமல் கேட்கிறார்கள்.

அதே பலகையில், நமக்குப் பக்கத்தில், இன்னொரு தோழர் உட்கார்ந்திருந்தார். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். அன்று போகவில்லை. மகளின் திருமணத்துக்கென்று நான்கு ஆண்டுகள் ஒரு நிதி நிறுவனத்தில் பணம் கட்டியிருந்தாராம். “போன மாசம் போய்ப் பார்த்தா பூட்டுத் தொங்குது அண்ணே” என்றார்.

“அந்த நிறுவனத்திடம் பணம் எவ்வளவு இருக்கிறது, யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்று எப்போதாவது கேட்டீர்களா, தோழர்?” என்றோம்.

நம்மை வியப்போடு பார்த்தார். “அதெப்படிண்ணே கேக்கிறது? பெரிய இடம்!”

பெரிய இடம்! தோழர்களே, இந்த இரண்டு சொல் எத்தனை குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது தெரியுமா? ஏலத்தோட்டத் தோழர் மட்டுமா ஏமாந்தார்? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மட்டுமா ஏமாந்தார்கள்? இல்லை. சட்டம் படித்தவர்களும், சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களும் ஏமாந்த கதை ஒன்று உண்டு. சென்னைக் கடற்கரையில் நடந்த கதை. அதைச் சொல்கிறோம், கேளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் மூன்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்தன. பாரி, பின்னி, ஆர்பத்நாட். இவற்றுள் ஆர்பத்நாட் கம்பெனி வாணிபத்தோடு வங்கித் தொழிலும் நடத்தியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட். 1848-இல் பிறந்தவர். குடும்பக் கம்பெனியில் சேர்ந்து கூட்டாளியானவர். சென்னை சட்டமன்றத்தில் வீற்றிருந்தவர். ‘சர்’ பட்டம் பெற்றவர். அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் காசுக்குச் சமம் என்று ஊர் நம்பிற்று. ஓய்வூதியம் வாங்கியவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வக்கீல் தம் வருமானத்தைக் கொடுத்தார். மிராசுதார் நெல் விற்ற பணத்தைக் கொடுத்தார். ஏன் கொடுத்தார்கள்? பெரிய இடம்!

பணம் சென்னையில் சேர்ந்தது. ஆனால் சென்னையிலா தங்கிற்று? இலண்டனில் மக்ஃபேடியன் என்றொரு கூட்டாளி இருந்தார். அவர் கைவழியே அந்தப் பணம் ஊக வாணிபத்தில் போய் விழுந்தது, விழுந்தது, எழவில்லை. அணை வறண்டு, நீர்மட்டம் குகைப்பாதைக்குக் கீழே போய்விட்டது. ஆனால் கடற்கரைக் கட்டடத்தின் வெள்ளைத் தூண்கள் மட்டும் அணை நிரம்பி வழிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தன. உள்ளே வறண்ட பிறகும் வெளியே பணம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள்!

1906 அக்டோபர் 20. மக்ஃபேடியன் இலண்டனில் இரயில் முன் விழுந்து மாண்டார். அக்டோபர் 22. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்திற்று. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு அந்தக் கதவுக்குப் பின்னால் மறைந்தது. நீதிமன்றம் விசாரித்தது. சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதித்தது.

பதினெட்டு மாதம்! இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு இன்னொரு கணக்கைப் பாருங்கள். ஆர்பத்நாட் கதவு சாத்துவதற்கு ஆறே நாள் முன்பு, அதே அக்டோபர் 16-ஆம் நாள், தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. ஊரார் பணத்தை விழுங்கிய வெள்ளை முதலாளிக்குப் பதினெட்டு மாதம். ஊரார் பணத்தில் நாட்டுக்குக் கப்பல் வாங்கி, தொழிலாளிக்காகவும் வாய் திறந்த தமிழனுக்கு 1908-இல் இரண்டு ஆயுள் தண்டனை! மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் 1912 வரை சிறைவாசம் தொடர்ந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்த கொடுமையும் நடந்தது. வெள்ளை ஆட்சியின் தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வெள்ளைக்காரன் என்பதால் மட்டும் கெட்டவன் என்று நாம் சொல்லவில்லை. லோயர் கேம்ப்பில் மணிமண்டபத்தில் நிற்கும் பென்னிகுவிக்கும் வெள்ளைக்காரர்தான். அவர் கட்டிய அணை 1895 அக்டோபர் 10-இல் திறக்கப்பட்டது. இன்றும் சோறு போடுகிறது. ஆர்பத்நாட் தேக்கிய பணமோ பதினொரே ஆண்டில் வற்றிப் போயிற்று. இரண்டும் ஒரே காலம். இரண்டிலும் தேங்கியது ஊரார் சொத்து. வேறுபாடு எங்கே? அணையின் அளவுகோல் ஊரார் கண்ணுக்குத் தெரிகிறது. வங்கியின் அளவுகோலோ முதலாளியின் மேசை அறைக்குள் பூட்டிக் கிடந்தது!

இது சென்னைக்கு மட்டும் உரிய கதையா? கடல் கடந்து பாருங்கள். அமெரிக்காவில் ஜே குக் என்றொரு வங்கி முதலாளி, 1821-இல் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது இலிங்கன் அரசுக்காக நூறு கோடி டாலருக்கு மேல் கடன் பத்திரங்களை விற்றுக் கொடுத்தார். உழவனும் தொழிலாளியும் வாங்கினார்கள். புகழ் வளர்ந்தது, புகழோடு ஆசையும் வளர்ந்தது. வடக்கு பசிபிக் இரயில் பாதையில் பணத்தைக் கொட்டினார். 1873 செப்டம்பர் 18-இல் அவர் வங்கி சாய்ந்தது. நியூயார்க் பங்குச் சந்தையே பத்து நாள் மூடிக் கிடந்தது.

அத்தோடு முடிந்ததா? அடிமைத் தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்களுக்கென்று 1865-இல் ஒரு சேமிப்பு வங்கி அமைந்திருந்தது. அதன் நிதிக்குழுத் தலைவராக இருந்தவர் யார்? ஜே குக்கின் தம்பி ஹென்றி குக்! அந்த ஏழைகளின் பணம் அண்ணனின் கம்பெனிக்குக் கடனாகப் போயிற்று. 1874-இல் அந்த வங்கியும் மூடிற்று. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நின்றார்கள், கையில் கணக்குப் புத்தகத்தோடு. அதில் எழுத்து இருந்தது, பணம் இல்லை. ஜே குக்கோ சில ஆண்டுகளில் வெள்ளிச் சுரங்கத்தில் மீண்டும் செல்வரானார். முதலாளி விழுந்தாலும் எழுகிறான். அவன் விழும்போது கீழே சிக்கியவன்தான் எழுவதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? கூடலூர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாலா. அங்கே பிறந்த பாலை சென்ட்ரல் வங்கி 1960 ஆகஸ்டில் மூடப்பட்டது. அந்த அடிக்குப் பிறகுதான் இந்திய அரசு கண் விழித்தது. 1962-இல் வைப்புத்தொகைக்குக் காப்பீடு வந்தது. ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை என்று தொடங்கிய அந்தப் பாதுகாப்பு, 2020 முதல் 5 இலட்சமாக உயர்ந்திருக்கிறது.

ஆர்பத்நாட் சாம்பலிலிருந்து ஒரு நன்மையும் முளைத்தது. அந்நியனை நம்பியது போதும் என்று வக்கீல் கிருஷ்ணசாமி ஐயர் முனைந்தார். செட்டிநாட்டார் முதல் போட்டார்கள். 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1969 ஜூலை 19-இல் பதினான்கு தனியார் வங்கிகள் நாட்டுடைமையானபோது அதுவும் மக்கள் சொத்தாயிற்று. அந்த நடவடிக்கைக்குக் கழகம் துணை நின்றது. 1997-இல், கழக ஆட்சியில், நிதி நிறுவனங்களில் பணம் போட்டோரைக் காக்கத் தமிழகம் தனிச் சட்டமே செய்தது. மோசடிக்காரர்களின் சொத்தைப் பற்றி எடுத்து ஏமாந்தவர்களுக்குப் பங்கிட அது வழி வகுத்தது.

பெருமைதான். ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். சட்டம், உடைப்பெடுத்த பிறகு ஓடி வருகிறது. ஓடிய நீரில் ஒரு பகுதியைத்தான் அது மீட்கும். அதற்கும் ஆண்டுகள் ஆகும். அதற்குள் மகளின் திருமணம் நின்றுபோகும். ஆகவே கரையை முன்கூட்டியே பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

தோழர்களே, பணத்தை நீட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். முதற் கேள்வி: பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க ரிசர்வ் வங்கி இவர்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா? இரண்டாவது: இந்தப் பணத்துக்குக் காப்பீடு உண்டா? வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. நிதி நிறுவனத்துக்கும், ஊர்ப் பெரியவர் நடத்தும் சீட்டுக்கும் இல்லை. மூன்றாவது: எல்லோரும் கொடுப்பதைவிடக் கூடுதல் வட்டி கொடுக்க இவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? பதில் சொல்லத் தயங்கினால், தேநீர்க் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

கழகக் கிளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. படிப்பகத்துச் சுவரில் அணையின் நீர்மட்டத்தை எழுதுகிறீர்கள் அல்லவா? அதன் பக்கத்தில் இந்த மூன்று கேள்வியையும் எழுதுங்கள். ஏமாந்த தோழரைத் தனியாக விடாமல், மாவட்டப் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குக் கூட்டிப் போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள்.

நாம் புறப்படும்போது அந்த ஏலத்தோட்டத் தோழர் நம் கையைப் பற்றிக்கொண்டு, “கேட்டா மரியாதைக் குறைவுன்னு நினைச்சுட்டேன் அண்ணே” என்றார்.

கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, தோழரே! அணையை நாள்தோறும் அளப்பவர் நீங்கள். அளப்பதால் அணைக்கு அவமானம் வந்துவிட்டதா? உழைத்த காசின் நீர்மட்டத்தைக் கேட்பது உழைத்தவனின் உரிமை. அதைச் சொல்ல மறுக்கும் இடம் எத்தனை பெரியதாக இருந்தாலும், அது நமக்கு உரிய இடம் அல்ல!